எழுதத் தொடங்கிய வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவன், தளவானூர்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்படும்போதெல்லாம் நம் வகுப்புகளில் ஒரே பேச்சுத்தான் எழுகிறது. எழுதுவது தமிழ் இலக்கியம் படிப்பவர்கள் வேலை. நமக்கு எதற்கு என்கிறார்கள் சிலர். எழுத ஆசைதான், ஆனால் இதுவரை எழுதிப் பழக்கமில்லையே என்கிறார்கள் பலர். என்ன எழுதுவது, எப்படித் தொடங்குவது, நம் ஊர்த் தமிழில் எழுதினால் சிரிப்பார்களோ என்ற அச்சம் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது. உழவர் வீட்டிலிருந்தும் நெசவாளர் வீட்டிலிருந்தும் முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறி வந்த நமக்கு அந்த அச்சம் வருவது இயல்பே.

எழுதிப் பழகாத ஒருவர், எழுத்தாளராக வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், ஒருநாள் எழுத உட்கார்ந்து, சாகும்வரை எழுதிய கதை நமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. செஞ்சியிலிருந்து திண்டிவனம் வழியாகப் பேருந்தில் இரண்டு மணி நேரம் சென்றால் புதுச்சேரி. அங்கே ரங்கப் பிள்ளை வீதி என்று ஒரு வீதி உண்டு. அந்த வீதிக்குப் பெயர் தந்த ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன். வரலாற்று மாணவர்களுக்கு அவர் பெயர் புதிதன்று. துய்ப்ளேயின் துபாசி என்று ஒரு வரியில் படித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அவர் எப்படி எழுதத் தொடங்கினார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

துபாசி வீட்டுப் பிள்ளை

ஆனந்தரங்கர் 1709ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை ஒரு வணிகர். தந்தையின் மைத்துனர் நைனியப்பப் பிள்ளை அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாசி. இரண்டு மொழி அறிந்தவர் என்பதே துபாசி என்ற சொல்லின் பொருள். ஆனால் வேலை மொழிபெயர்ப்போடு நிற்கவில்லை. நெசவாளர்களுக்கும் தரகர்களுக்கும் முன்பணம் கொடுத்துத் துணி வாங்குவது, கப்பலுக்குச் சரக்குச் சேர்ப்பது, நவாபுகளின் அரண்மனைகளுக்குக் கடிதம் எழுதுவது, கவர்னரின் காதில் ஊர்ச் செய்தியைப் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. நைனியப்பரின் அழைப்பின்பேரில் திருவேங்கடம் பிள்ளை குடும்பத்தோடு புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்.

வந்த இடத்தில் குடும்பத்துக்குப் பேரிடி விழுந்தது. 1716இல் எபேர் என்ற கவர்னர் நைனியப்பப் பிள்ளைமீது குற்றம் சாட்டிச் சிறையில் அடைத்தார். சொத்துகள் பறிக்கப்பட்டன. மறு ஆண்டில் நைனியப்பர் சிறையிலேயே உயிர் நீத்தார். அவருடைய மகன் குருவப் பிள்ளை கடல் கடந்து பிரான்சு நாட்டுக்கே சென்று முறையிட்டார். வழக்கு மறுபடி ஆராயப்பட்டு நைனியப்பர்மேல் விழுந்த பழி நீங்கியது. குருவப் பிள்ளை அங்கே கிறித்தவராகி, செவாலியே பட்டமும் பெற்று, தலைமைத் துபாசியாகத் திரும்பி வந்தார். 1724இல் அவரும் மறைந்தார்.

மாமா சிறைப்பட்டபோது ஆனந்தரங்கருக்கு ஏழு வயது. எழுதி வைத்த தாள் ஒருவரைச் சிறையில் தள்ளவும் செய்யும், இறந்தபின் அவர் மானத்தை மீட்கவும் செய்யும் என்பதை அந்த வீட்டுப் பிள்ளைகள் கண்ணாரக் கண்டிருப்பார்கள். பின்னாளில் அவர் நாள்தோறும் நடந்ததை எழுதி வைத்ததற்கு இந்தச் சிறுவயது அனுபவமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

1726இல் தந்தை காலமானார். பதினேழு வயதில் வியாபாரச் சுமை ஆனந்தரங்கர் தோளில் ஏறியது. கவர்னர் லெனுவார் அவருடைய திறமையைக் கண்டு பரங்கிப்பேட்டையில் கம்பெனியின் துணி வணிகத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தந்தார். ஆர்க்காடு, லாலாப்பேட்டை முதலிய இடங்களில் சொந்தமாகவும் கடை வைத்தார். துணியும் பாக்கும் அவர் வணிகப் பொருள்கள். கவிதை எழுதிப் பழகியவர் என்றோ, புலவர் அவையில் நூல் அரங்கேற்றியவர் என்றோ அவரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அவர் கை பழகியது பற்று வரவு எழுதவும் வியாபாரக் கடிதம் எழுதவும்தான்.

முதல் நாள்

1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், தமிழ்க் கணக்கில் நள ஆண்டு ஆவணித் திங்களில், இந்த வணிகர் தம் தினப்படிச் சேதிக் குறிப்பைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 27. நம்மில் முதுகலை முடித்து வேலை தேடும் அண்ணன்மார் வயது.

அன்று அவர் தலைமைத் துபாசி அல்லர். அந்தப் பதவியில் கனகராய முதலியார் இருந்தார். துய்ப்ளே புதுச்சேரிக் கவர்னராக வர இன்னும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. பெரிய பதவியும் பெரிய போர்களும் வந்த பிறகு, நாம் வரலாற்று மனிதராகிவிட்டோம் என்று நினைத்து அவர் எழுதத் தொடங்கவில்லை. பதவி வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, சாதாரண நாட்களிலேயே தொடங்கிவிட்டார். பின்னால் பெரிய நாட்கள் வந்தபோது எழுதும் கை தயாராக இருந்தது. எழுத விரும்பும் நமக்கு இதைவிட முக்கியமான செய்தி அவர் வாழ்க்கையில் வேறில்லை என்று கருதுகிறேன்.

தொடக்கத்தில் அவர் தமக்கு வைத்துக்கொண்ட திட்டமும் எளியது. கண்ணால் காண்பதையும் காதால் கேட்பதையும், கப்பல் வருவதையும் போவதையும், ஊரில் நடக்கும் புதுமைகளையும் எழுதி வைப்பது. இவ்வளவுதான். கடவுள் வாழ்த்தோடும் அவையடக்கத்தோடும் தொடங்கும் காப்பியம் எழுத அவர் நினைக்கவில்லை. ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் ஐரோப்பியத் தேதியும் தமிழ்த் தேதியும் இருக்கும். அதன் கீழே அன்றைய சேதி. தேதி போட்டுவிட்டால் பாதி எழுதியாயிற்று என்பதை அவர் நமக்குக் காட்டுகிறார். என்ன எழுதுவது என்று திகைப்பவனுக்கு நாளே பொருளைக் கொண்டுவந்து கொடுக்கிறது.

அவருக்கு முன்மாதிரி ஏதும் இருந்ததா? உலக வழக்குகளையும் அன்றாடப் பேச்சையும் தமிழ் உரைநடையில் இப்படி விரிவாக எழுதிய நூல் எதுவும் அவர்முன் இல்லை எனலாம். உரைநடை என்றால் இலக்கிய உரை, கல்வெட்டு, கடிதம், கணக்கு என்றிருந்த காலம். தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரம் அச்சில் வந்தது 1879இல். அதற்கு 143 ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் தனியே உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி எழுதும் தமிழைத் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் சாமுவேல் பீப்பிசு என்பவர் 1660 முதல் 1669 வரை எழுதிய நாட்குறிப்பு உலகப் புகழ் பெற்றது. ஆனந்தரங்கரை இந்தியாவின் பீப்பிசு என்று அழைப்பார்கள். பீப்பிசு எழுதியது சுமார் ஒன்பதரை ஆண்டுகள். நம்மவர் எழுதியதோ இருபத்து நான்கு ஆண்டுகளுக்கும் மேல். பீப்பிசு என்று ஒருவர் இருந்ததை ஆனந்தரங்கர் அறிந்திருக்கவும் முடியாது. பீப்பிசின் நாட்குறிப்பு அச்சேறியதே 1825இல்தான்.

எதை எழுதினார்?

பாக்குக் கிடங்கில் அமர்ந்து வியாபாரம் பார்ப்பது அவர் வழக்கம். அங்கே வருவோர் போவோர் எல்லோரும் செய்தி கொண்டு வருவார்கள். காலையில் கவர்னர் மாளிகை, அங்கிருந்து பாக்குக் கிடங்கு, பிறகு வீடு என்று அவர் நாள் நகரும். இந்த இடங்களில் யார் யாரிடம் என்ன பேசினார், எந்த முகக் குறிப்போடு பேசினார் என்பதெல்லாம் குறிப்பில் ஏறும். கப்பல் நங்கூரம் போட்டால் எத்தனை பீரங்கி முழங்கியது என்று எழுதுவார். துணிக்கட்டு விலை, கடன் கொடுத்தவர் பெயர், கல்யாண ஊர்வலம், சோதிடர் சொன்ன பலன், காய்ச்சல், அடிமை வணிகம், தண்டனை எதுவும் விடுபடவில்லை.

1745இல் புதுச்சேரிக் கிறித்தவக் கோயிலுக்குள் சாதியைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி எழுந்த சச்சரவை அவர் எழுதியிருக்கிறார். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைப் பிடித்ததையும், அதன்பின் லபூர்தொனேக்கும் துய்ப்ளேக்கும் மூண்ட பகையையும் எழுதியிருக்கிறார். 1748இல் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது ஊருக்குள் குண்டுகள் விழுந்ததையும், மக்கள் மூட்டை முடிச்சோடு ஓடியதையும் எழுதினார். அந்த முற்றுகை நாட்களிலேயே வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. தாம் பணிபுரியும் கும்பினியே தம் ஊர்க் கோயிலை இடித்த நாளில் ஒரு துபாசியின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! தடுக்க அவருக்கு வலிமை இல்லை. எழுத வலிமை இருந்தது. அந்த நாளைப் பற்றிய மிக முக்கியமான சான்றாக இன்று நிற்பது அவர் குறிப்புதான்.

1746 பிப்ரவரியில் கனகராய முதலியார் இறந்த பின் தலைமைத் துபாசிப் பணி படிப்படியாக ஆனந்தரங்கர் கைக்கு வந்தது; பின்னர் முறையான நியமனமும் கிடைத்தது. துய்ப்ளேயின் மனைவி ழான் அம்மையாரோடு அவருக்கு ஓயாத பிணக்கு. தமிழ் பேசத் தெரிந்த அந்த அம்மையார் தம் ஆட்களைக் கொண்டு தனியே ஆட்சி நடத்துவதைப் பிள்ளை பொறுக்கவில்லை. வெளியில் பணிவு, குறிப்பேட்டில் மனக்குமுறல் என்று அவர் இரண்டு வாழ்க்கை வாழ்ந்திருக்கிறார். அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது, எழுத்து அவருக்கு மனச்சுமை இறக்கி வைக்கும் சுமைதாங்கியாகவும் இருந்தது என்று தோன்றுகிறது.

எந்தத் தமிழில்?

நம் அச்சங்களில் பெரியது மொழி அச்சம் அல்லவா? ஆனந்தரங்கரின் தமிழைப் பார்த்தால் அந்த அச்சம் பறந்துவிடும். கடைத்தெருவில் பேசும் தமிழிலேயே அவர் எழுதினார். அதில் பாரசீகச் சொல் வரும், தெலுங்கு வரும், போர்த்துகீசியம் வரும், பிரெஞ்சுச் சொற்கள் தமிழ் நாக்குக்கு ஏற்ப வளைந்து வரும். ஒரு வாக்கியம் முடியாமல் பக்கக் கணக்கில் நீளும். இலக்கணப் புலவர் ஒருவர் சிவப்பு மை கொண்டு திருத்த உட்கார்ந்தால் மைக்கூடு காலியாகிவிடும்.

ஆயினும் அந்தத் தமிழுக்கு உயிர் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் ஒரு கவர்னர் கோபித்துக்கொண்டால் எப்படிப் பேசினார், வணிகர் எப்படிக் குழைந்தார், தூதுவர் எப்படித் தயங்கினார் என்பதை நாம் காதால் கேட்பதுபோல் கேட்கிறோம். அவர் செந்தமிழில் எழுத முயன்றிருந்தால் அந்தக் குரல்கள் நமக்குக் கிடைத்திருக்குமா? புலவர்கள் அவரைப் புகழ்ந்து எழுதிய நூல்களும் உண்டு. தியாகராச தேசிகர் ஆனந்தரங்கன் கோவை பாடினார். சீனிவாச கவி வடமொழியில் சம்பு எழுதினார். ஆனால் இன்று உலகம் தேடிப் படிப்பது அவரே தம் பேச்சுத் தமிழில் எழுதிய குறிப்பைத்தான்.

இதனால் இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்வதாக நம் தமிழ்த்துறை ஆசிரியர்கள் கருத வேண்டாம். இலக்கணம் கற்றுக்கொண்டே எழுதலாம். கற்று முடித்த பிறகுதான் எழுதுவேன் என்று உட்கார்ந்திருந்தால் காலம் போய்விடும் என்பதே என் கருத்து.

குறை இல்லாதவரா?

ஒருவர் வாழ்க்கையை எழுதும்போது நிறைகளை மட்டும் அடுக்குவது நேர்மை ஆகாது. ஆனந்தரங்கரிடம் தற்பெருமை மிகுதி. தம்மைப் பிறர் புகழ்ந்ததை ஒன்று விடாமல் எழுதுவார். போட்டியாளர்களைப் பற்றி எழுதும்போது பேனா நஞ்சில் தோய்ந்திருக்கும். சாதி உயர்வு தாழ்வை அவர் கேள்வி கேட்டவர் அல்லர். அக்கால மேல்தட்டு மனிதரின் கண்ணோடுதான் எளியவர்களைப் பார்த்தார். அடிமை வணிகத்தைக் கண்டவர், அந்த முறையையே எதிர்த்து நின்றவர் அல்லர்.

இந்தக் குறைகள் அனைத்தும் நமக்கு எப்படித் தெரிந்தன? அவரே எழுதி வைத்ததால்தான். தம்மை நல்லவராகக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்த இடத்திலும், நாள்தோறும் விடாமல் எழுதியதால் உண்மை வெளிப்பட்டுவிட்டது. ஒரு நாள் எழுதினால் வேடம் போடலாம். இருபத்து நான்கு ஆண்டு எழுதுபவன் வேடம் போட முடியாது. எழுதத் தொடங்குபவன் முதலில் குறையற்ற மனிதனாகிவிட வேண்டியதில்லை என்பதும் இதனால் விளங்குகிறது.

செஞ்சியும் அவர் கடைசி நாட்களும்

செஞ்சிக்காரர்களாகிய நமக்கு 1750 மறக்க முடியாத ஆண்டு. முந்தைய ஆண்டு ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வருதீன் மாண்டார். 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை, எவராலும் எளிதில் பிடிக்க முடியாதது என்று பெயர் பெற்ற செஞ்சிக் கோட்டையை ஒரே இரவில் பிடித்தது. அவ்வாண்டு டிசம்பரில் செஞ்சிக்கு அருகே பாசறையில் இருந்த நாசர் ஜங் கொல்லப்பட்டார். தக்காணத்தின் அதிகாரம் சில நாழிகைக்குள் கைமாறியது. துய்ப்ளேயின் புகழ் உச்சிக்கு ஏறியது; அவரோடு ஆனந்தரங்கரின் செல்வாக்கும் ஏறியது. நவாபுகளின் பட்டங்களும் பல்லக்கு மரியாதையும் அவருக்கு வந்தன. ஆனந்தப்புரவி என்ற பெயரில் சொந்தக் கப்பலும் ஓடியது.

ஏறியது இறங்கவும் செய்தது. 1754இல் துய்ப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். உடல்நலிவும் எதிரிகளின் சூழ்ச்சியும் சேர்ந்து, 1756இல் ஆனந்தரங்கரின் துபாசிப் பதவி போயிற்று. பதவி போனபின் என்ன எழுதுவது என்று அவர் நிறுத்தவில்லை. நோயோடும் கடனோடும் குறிப்பைத் தொடர்ந்தார். 1760இல் ஆங்கிலத் தளபதி கூட் புதுச்சேரியைச் சுற்றி வளைத்தார். ஊருக்குள் உணவு அற்றுப்போயிற்று. அந்தப் பசி நாட்களும் குறிப்பில் ஏறின. 1761 சனவரி 12ஆம் நாள், தம் ஐம்பத்தோராம் வயதில் ஆனந்தரங்கர் மறைந்தார். நான்கு நாள் கழித்து, 16ஆம் நாள், புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டையும் மாளிகைகளும் தரைமட்டமாக்கப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரலில் செஞ்சிக் கோட்டையும் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது.

அவர் கண்ட புதுச்சேரி அழிந்தது. எழுதிய புதுச்சேரி மிஞ்சியது.

எழுத்தின் பயணம்

அவருக்குப் பின் குடும்பத்தார் குறிப்பைச் சிலகாலம் தொடர்ந்தனர். அதே நகரில் இரண்டாம் வீராநாயக்கர் என்பவரும் 1778 முதல் 1792 வரை நாட்குறிப்பு எழுதினார். ஒருவர் தொடங்கிய பழக்கம் ஊருக்கே ஒரு மரபாயிற்று என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனந்தரங்கரின் ஏடுகள் பல ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே கிடந்தன. 1846இல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு படி எடுத்தார். சென்னை அரசாங்கம் ஆங்கில மொழிபெயர்ப்பை 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளியிட்டது. தமிழ் எழுத்து தமிழில் அச்சாவதற்கு அதன் பிறகும் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1948 முதல் புதுச்சேரியில் தொகுதிகள் வரலாயின. 2019இல் நமக்கு அண்டை ஊராகிய வந்தவாசியிலிருந்து அகநி பதிப்பகம் 12 தொகுதிகளாக வெளியிட்டது. மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் அதன் பதிப்பாசிரியர்கள். பிரபஞ்சன் இந்தக் குறிப்புகளை ஊற்றாகக் கொண்டு மானுடம் வெல்லும், வானம் வசப்படும் என்ற நாவல்களைப் படைத்தார். பின்னதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

இடையிடையே சில ஏடுகள் தொலைந்து போயின. தொலைந்த நாட்களில் என்ன நடந்தது என்று தேடி இன்றும் ஆய்வாளர்கள் ஏங்குகிறார்கள். ஒரு வணிகர் அவசரமாகக் கிறுக்கி வைத்த ஒரு நாள் குறிப்புக்கு இவ்வளவு மதிப்பு!

எங்கள் ஊரும் எழுதாத ஊர்களும்

இங்கே என் ஊரைப் பற்றிச் சிறிது சொல்ல அனுமதி வேண்டுகிறேன். தளவானூரில் பாறையைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் எடுத்த சத்ருமல்லேசுவராலயம் என்ற குகைக்கோயில் இருக்கிறது. அந்த மன்னன் மத்தவிலாசம் என்ற நகைச்சுவை நாடகம் எழுதியவன் என்பதை நாம் படித்திருக்கிறோம். எனக்கு அதைவிட வியப்பளிப்பது குகைக்கோயிலில் உள்ள ஒரு தமிழ்ப் பாட்டு. அதைச் சொன்னவர் செல்லன் சிவதாசன் என்று பெயரும் பொறித்திருக்கிறார்கள். அவர் இவ்வூரார். அரசன் அல்லர். ஒரே பாட்டோடு ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்கிறார்.

சிவதாசனுக்குப் பின் எங்கள் ஊரில் எத்தனை பேர் பிறந்து வாழ்ந்து மறைந்தார்கள்! 1750இல் புஸ்ஸியின் படை செஞ்சியை நோக்கி வந்தபோது எங்கள் வட்டாரத்துக் கிராமங்களில் நெல் யார் பறித்தார்கள்? மாடுகளை யார் ஓட்டிச் சென்றார்கள்? எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை? கோட்டை மதிலின்மேல் அந்த இரவு காவல் நின்ற சிப்பாய்க்கு மனைவி மக்கள் இருந்தார்களா? அவர்களில் எவரும் எழுதியது நமக்குக் கிடைக்கவில்லை. புதுச்சேரிக்கு ஒரு ஆனந்தரங்கர் இருந்தார். செஞ்சிக் கிராமங்களுக்கு இல்லை. அன்று எங்கள் முன்னோருக்கு எழுத்து எட்டாத பொருளாக இருந்தது. அது அவர்கள் குற்றமன்று. இன்று எழுத்து நம் கையில் இருக்கிறது. நாமும் எழுதாவிட்டால் காரணம் சொல்ல முடியுமா?

என் தந்தையார் செஞ்சி கமிட்டியில் நெல் மூட்டை இறக்கிவிட்டு வந்து, எடை, விலை, கூலி, வண்டி வாடகை எல்லாவற்றையும் ஒரு சிறு நோட்டில் எழுதி வைப்பார். சில நாள் அதன் ஓரத்தில் மழை பெய்தது என்றும், கிணற்றில் இத்தனை படி தண்ணீர் என்றும் எழுதியிருப்பார். ஆனந்தரங்கரைப் படித்த பிறகு அந்த நோட்டு எனக்கு வேறு விதமாகத் தெரிகிறது. கணக்கு எழுதும் கைதான் சரித்திரம் எழுதும் கையாகவும் மாறுகிறது. எழுதிப் பழக்கமே இல்லை என்று சொல்லும் நம் வீடுகள் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கிறது.

நாம் செய்யக் கூடியது

ஆனந்தரங்கரின் வாழ்விலிருந்து எழுத விரும்பும் மாணவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடியவை சில உண்டு. நல்ல நாளுக்காகவும் நல்ல பதவிக்காகவும் காத்திராமல் சாதாரண நாளில் தொடங்க வேண்டும். தேதி போட வேண்டும். கேட்டதைக் கேட்டது என்றும், பார்த்ததைப் பார்த்தது என்றும் பிரித்து எழுத வேண்டும். விலையையும் அளவையும் பெயரையும் விடக் கூடாது; இன்று நமக்கு அற்பமாகத் தோன்றும் பேருந்துக் கட்டணம் நாளை ஒருவருக்குச் சான்றாகும். நமக்கு வாய்த்த தமிழில் எழுத வேண்டும். முக்கியமாக, பதவி போனாலும் உடல் தளர்ந்தாலும் நிறுத்தக் கூடாது.

நம் கல்லூரி நூலகத்துக்கு ஒரு வேண்டுகோள். நாட்குறிப்புத் தொகுதிகளை மாணவர் கையில் எட்டும் அலமாரியில் வைத்தால் நன்று. துறை ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஆளுக்கு ஒரு ஊர் என்று பிரித்து, ஓராண்டு முழுதும் அவரவர் ஊர்ச் சேதியை மாணவர்கள் எழுதிவர ஏற்பாடு செய்யலாம். செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பேடு உண்டாகும். அவை எழுத்தாளர்களை உருவாக்குமா என்று கேட்டால், சிலரை உருவாக்கும். மற்றவர்கள் எழுதியதும் வீண் போகாது. நூறு ஆண்டு கழித்து நம் ஊரைத் தேடி வரும் ஒருவருக்கு, 1750ஆம் ஆண்டைத் தேடி வெறுங்கையோடு நிற்கும் நம் நிலை வராது.

ஒரு நோட்டும் ஒரு பேனாவும் நம் எல்லோரிடமும் உண்டு. தேதியைப் போடுங்கள்.